தலைப்புக்கான தடித்த, ஒடுங்கிய, சாய்ந்த தமிழ் எழுத்துரு: முதல் கோட்டிலிருந்து கோப்பு வரை

போஸ்டரிலும் காணொளியின் முகப்புப் படத்திலும் ஒரே வரியில் கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டிய எழுத்து இது. கோடு தடி, அகலம் குறைவு, வலப்பக்கச் சாய்வு, முனையில் அலங்காரம் எதுவும் இல்லை. இதைத் தமிழில் வரைய உட்காருபவர்கள் பெரும்பாலும் இடறுவது வரிசையில்தான். எதை முதலில் வரைவது, எப்போது சாய்ப்பது, சாய்த்த பின் எதைத் திருத்துவது என்று தெரியாமல், வரைந்ததையே மூன்று முறை வரைகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

வளைகோட்டின் கட்டுப்பாட்டு முனையை இங்கே நோட் என்றே எழுதுகிறேன். புள்ளி என்று வந்தால் அது மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எழுத்துரு வரையும் மென்பொருள் ஒன்று வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், எல்லாக் கணினியிலும் ஓடும். மேக் வைத்திருப்பவர்கள் கிளிஃப்ஸ் பயன்படுத்தலாம். படம் வரையும் மென்பொருளில் வரைந்து கொண்டுவந்து ஒட்டும் வழியை நான் பரிந்துரைப்பதில்லை. அளவுகள் முழு எண்ணில் நிற்காது, பின்னால் ஒவ்வொரு நோட்டாகத் துரத்த வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே இருக்கும் தடித்த எழுத்துருவை எடுத்து அகலத்தை நசுக்கி, சாய்த்து விட்டால் போதுமே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். நெடுங்கோடு, அதாவது செங்குத்துக் கோடு, 180 யூனிட் (எழுத்து வரையும் கட்டத்தின் அளவு அலகு), கிடைக்கோடு 150 என்று வைத்துக்கொள்வோம். அகலத்தை 70 சதவீதமாகக் குறைத்தால் நெடுங்கோடு 126 ஆகிவிடும், கிடைக்கோடு 150-லேயே நிற்கும். எழுத்து கூரையும் தரையும் மட்டும் தடித்த வீடு மாதிரி ஆகிவிடும். அது போக, உரிமச் சிக்கல் வேறு. எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வரும் எழுத்துருவை மாற்றலாம். ஆனால் அதன் பெயர் ஒதுக்கப்பட்ட பெயர் என்று அறிவிக்கப்பட்டிருந்தால், மாற்றியதை அதே பெயரில் வெளியிடக் கூடாது.

2. உயரங்களையும் கோணத்தையும் எழுதி வையுங்கள்

1000 யூனிட் கட்டத்தில் நான் வைத்துக்கொள்ளும் அளவுகள் இவை: பகரம், டகரம் போன்றவற்றின் உடல் உயரம் 600, மேல்விலங்கும் (இ, ஈ ஒலிக்கான மேற்குறி) அதன் சுழியும் எட்டும் உச்சி 850, கூ, ழூ போன்றவை இறங்கும் ஆழம் 230. தலைப்பு எழுத்தில் வரிகள் நெருங்கி வரும் என்பதால் மேலும் கீழும் இழுத்து நீட்டாதீர்கள். உடல் பெரிதாகவும் வாலும் கொம்பும் குட்டையாகவும் இருக்கட்டும்.

சாய்வு 8 முதல் 12 பாகை. நான் 10 வைக்கிறேன். 10 பாகையில், கீழ் வாலிலிருந்து மேல் உச்சி வரையுள்ள 1080 யூனிட் உயரத்துக்கு எழுத்து 190 யூனிட் பக்கவாட்டில் நகர்கிறது. 15 பாகை வைத்தால் அது 289. இலத்தீன் பெரிய எழுத்துகளுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் நீளாது, அதனால் 15 தாங்கும். நமக்கு மேலே சுழி, கீழே வால். வேகம் வேண்டும் என்று கோணத்தைக் கூட்டினால் எழுத்து ஓடாது, கவிழ்ந்துவிடும்.

கோணத்தை எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இன்னும் நாலு கட்டம் நிமிர்ந்த எழுத்தில்தான் வேலை.

3. முதலில் ணகரம்

எல்லோரும் பகரத்தில் தொடங்குவார்கள். இரண்டு நெடுங்கோடு, அடியில் ஒரு கிடைக்கோடு. பத்து நிமிட வேலை, பார்க்க அழகாகவும் வரும். நானும் முதல் முறை ப, ட, ம என்று கம்பீரமாக இருபது எழுத்து வரைந்துவிட்டு ணகரத்துக்கு வந்தேன். இருபதையும் திரும்ப வரைந்தேன்.

காரணம் எளிது. ணகரத்தின் நடுவில் குறுக்காக ஒரு கோடு இழுத்தால் நாலைந்து நெடுங்கோடுகள் எதிர்ப்படும். ஐந்து என்று வைப்போம். பகரத்தின் தடிமன் 135 என்றால், ஐந்து கோட்டுக்கு 675. ஒடுங்கிய எழுத்துதானே என்று ணகரத்தை 700-க்குள் அடைத்தால், நாலு உள்வெளிக்கும் (எழுத்துக்குள் கோடுகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடம்) சேர்த்து மிச்சம் 25. ஒவ்வொன்றுக்கும் 6 யூனிட். திரையில் அது கறுப்புக் கட்டி.

அதனால் முதலில் ணகரத்தை வரைந்து, உள்வெளி அடைபடாமல் எவ்வளவு தடிமன் தாங்குகிறது என்று பாருங்கள். என் கணக்கு: கோடு 108, உள்வெளி 78. மொத்த அகலம் 852. இதுதான் இந்த எழுத்துருவின் தடிமனுக்கு மேல்வரம்பைச் சொல்லும் எழுத்து. இதற்கு அப்புறம்தான் பகரத்துக்கு 135 கொடுக்கத் துணிவு வரும். இடம் விட்டு நிற்கும் எழுத்தின் கோடும் நெருங்கி நிற்கும் எழுத்தின் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் நெருங்கியதுதான் கறுத்துத் தெரியும். இரண்டுக்கும் இருபது சதவீதம் வரை வித்தியாசம் இருந்தாலும் தலைப்பு வரியில் கண் அதைச் சமமாகவே எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று: ணகரம் பகரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் அகலமாகத்தான் இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டும் என்பது இலத்தீன் ஒடுங்கிய எழுத்துகளைப் பார்த்துப் பழகிய பழக்கம். தமிழில் அது ஓடாது. ஒடுக்கம் என்பது இங்கே உள்வெளியில் தெரிய வேண்டும்.

4. பகரம், டகரம், ககரம்

பகரம்: நெடுங்கோடு 135, உள்வெளி 125, நெடுங்கோடு 135. மொத்தம் 395. அடிக் கிடைக்கோட்டை 105 வையுங்கள். ஒரே தடிமனில் வரைந்தால் கிடைக்கோடு தடித்துத் தெரிவது கண்ணின் குணம். ஒடுங்கிய எழுத்தில் இன்னொரு லாபமும் உண்டு. ககரத்தின் இடப்பக்கத்தில் மேல்கோடு, நடுக்கோடு, அடிச்சுழி என்று மூன்று கிடைக்கோடுகள் 600 உயரத்துக்குள் வர வேண்டும். 135 என்றால் இரண்டு உள்வெளிக்கு மிச்சம் 195. 105 என்றால் 285. ககரம் மூச்சு விடுவது அந்த 90 யூனிட்டில்தான்.

டகரத்தின் மேல் வலது மூலை திறந்த வெளி. 'பட்டம்', 'கட்டு' போன்ற சொற்களில் இரண்டு டகரம் அடுத்தடுத்து வந்தால் வரியில் பல் விழுந்த மாதிரி இரண்டு ஓட்டை தெரியும். அடிக்கோட்டைப் பகரத்தின் அகலத்துக்கு நீட்டாமல் 340-இல் நிறுத்துங்கள். கெர்னிங்கில் (குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு இடையே மட்டும் இடைவெளியைத் திருத்துவது) சரி செய்துகொள்ளலாம் என்று விட்டவர்கள் பின்னால் டகரத்துக்கு மட்டும் நூறு ஜோடி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

வளைவுள்ள எழுத்துகள் அடியிலும் தலையிலும் 10 யூனிட் தாண்டட்டும். சரியாக 600-இல் நிறுத்தினால் குட்டையாகத் தெரியும். வளைவைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, மூலையில் மட்டும் திருப்புங்கள். முழு வட்டமான சுழி ஒடுங்கிய எழுத்தில் பலூன் போல உப்பும்.

5. மீதி எழுத்துகள், குடும்பம் குடும்பமாக

அகர வரிசையில் வரையாதீர்கள், வடிவ வரிசையில் வரையுங்கள். ப, ம, ய ஒரு குடும்பம். க, ச, த ஒன்று. ண, ன, ள ஒன்று. ல, வ ஒன்று. ர, துணைக்கால் ஒன்று. ஒரு குடும்பத்தில் ஒன்று சரியானால் மற்றவற்றின் பாதி வேலை முடிந்தது.

ரகரத்தையும் துணைக்காலையும் வேறுபடுத்துவது அடிக்கால்தான். தடித்த எழுத்தில் இடம் போதவில்லை என்று அதைச் சுருக்கினால் 'பரம்' எது, 'பாம்' எது என்று குழம்பும். மற்ற வால்களைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

உகர வரிசை பதினெட்டையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குழு. ஙு, சு, பு, யு, வு இன்னொன்று. ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. இரண்டாவது, மூன்றாவது குழுக்களில் வாலை ஒரு முறை வரைந்து கூறாக ஒட்டிவிடலாம். முதல் குழுவில்தான் கைவேலை அதிகம், குறிப்பாகக் குவின் நெடிலான கூ. டி, டீ இரண்டுக்கும் தனி வடிவம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்; டகரத்தின் பக்கத்தில் மேல்விலங்கை ஒட்டி வைத்த எழுத்துருக்களைப் பார்த்திருப்பீர்கள், கண்ணை உறுத்தும்.

எண்களை 640 உயரத்துக்கு வரைந்தால் தமிழோடு நன்றாக உட்காரும்.

6. இடைவெளியை நிமிர்ந்த நிலையிலேயே முடியுங்கள்

பகரத்துக்கு இரு பக்கமும் 40. இரண்டு பகரம் சேர்ந்தால் இடையில் 80, உள்வெளி 125. தலைப்பு எழுத்தில் வெளி இடைவெளி உள்வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் சொல் ஒரே கட்டையாகத் தெரியும். ரொம்பவும் குறைத்தால் துணைக்கால் முன் எழுத்தோடு ஒட்டி வேறு எழுத்தாகிவிடும். வளைந்த பக்கத்துக்கு 25 போதும்.

இதைச் சாய்ப்பதற்கு முன் செய்வதற்குக் காரணம் உண்டு. சாய்த்தாலும் இணையான இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள கிடைத்தூரம் மாறாது. ஆகவே இப்போது சரியான இடைவெளி அப்போதும் சரியாக இருக்கும். சாய்ந்த எழுத்தை வைத்து இடைவெளி பார்ப்பது சாய்ந்த சுவரில் படம் மாட்டுவது மாதிரி, கண் ஏமாற்றும்.

7. நகல் எடுத்துவிட்டுச் சாய்த்தல்

நிமிர்ந்த கோப்பைத் தனியாகச் சேமித்துப் பூட்டி வையுங்கள். திருத்தம் எதுவும் பெரிதாக வந்தால் அதற்குத்தான் திரும்ப வேண்டும்.

சாய்க்கும் மையம் முக்கியம். அடிமட்டத்தை மையமாக வைத்தால் எழுத்து முழுவதும் வலப்பக்கம் ஒதுங்கும், பக்க இடைவெளி கெடும். உடல் உயரத்தின் பாதி, அதாவது 300, மையமாக இருக்க வேண்டும். மென்பொருள் அதைக் கேட்கவில்லை என்றால் சாய்த்த பிறகு எல்லாவற்றையும் 53 யூனிட் இடப்பக்கம் நகர்த்துங்கள். 300 உயரத்துக்கு 10 பாகையில் வரும் நகர்வு அது.

மென்பொருளில் எழுத்துருவின் சாய்வுக் கோணத்தையும் இப்போதே பதியுங்கள். அப்போதுதான் பக்க இடைவெளியைச் சாய்ந்த கோட்டில் அளந்து காட்டும்.

8. சாய்த்த பிறகு: உண்மையான வேலை இங்கேதான்

சாய்த்ததும் பார்க்க நன்றாகவே இருக்கும். புதிதாக வருபவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு கொம்பின் சுழியை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். சீராக 100 யூனிட் தடிமனில் இருந்த வளையம், 10 பாகை சாய்த்ததும் மேல் வலது, கீழ் இடது மூலைகளில் 109 ஆகியிருக்கும். மேல் இடது, கீழ் வலது மூலைகளில் 92. அதாவது 17 யூனிட் வித்தியாசம். பெரிய போஸ்டரில் அந்தச் சுழி ரப்பரைப் பிடித்து இழுத்தது போலத் தெரியும்.

தடித்த மூலைகளில் நோட்டிலிருந்து நீளும் கைப்பிடிகளை உள்ளே தள்ளி, மெலிந்த மூலைகளை வெளியே கொண்டுவாருங்கள். முழுவதும் சமன் செய்யத் தேவையில்லை, பாதி திருத்தினால் போதும். கொஞ்சம் இழுவை மிஞ்சினால்தான் எழுத்துக்கு ஓட்டம் இருக்கும்.

அதற்கு முன் நோட்களைச் சீர் செய்யுங்கள். நிமிர்ந்த வளைவில் உச்சியில் இருந்த நோட், சாய்த்த பிறகு உச்சியில் இருக்காது. புதிய உச்சிகளில் நோட் சேர்த்துவிட்டு, அப்புறம் பழையதை நீக்குங்கள். பழையதை முதலில் நீக்கினால் வளைவின் வடிவமே போய்விடும்.

அடுத்து புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளியும் சேர்ந்து சாய்ந்து முட்டை போல ஆகியிருக்கும். அதை அழித்துவிட்டு முழு வட்டத்தை வையுங்கள். இந்தத் தடிமனில் உள்ளே துளை விட்ட புள்ளி வேண்டாம், சின்ன அளவில் அடைந்துவிடும். இடமும் கவனிக்க வேண்டும்: 760 உயரத்தில் இருக்கும் புள்ளி, உடலின் நடுவிலிருந்து 81 யூனிட் வலப்பக்கம் போக வேண்டும். சில மென்பொருள்கள் கோட்டைச் சாய்க்கும், புள்ளி உட்காரும் ஆங்கரைச் சாய்க்காமல் விட்டுவிடும். அப்போது 'ல்', 'ர்' எல்லாம் தொப்பி பின்னால் சரிந்த மாதிரி நிற்கும். ஒவ்வொரு மெய்யையும் கண்ணால் பாருங்கள்.

குறுக்குச் சாய்வுக் கோடுகளில் நேர்மாறான சிக்கல். வலப்பக்கம் சாய்ந்திருந்த கோடு இன்னும் சாய்ந்து மெலியும்; இடப்பக்கம் சாய்ந்திருந்தது நிமிர்ந்து தடிக்கும். தமிழில் இப்படிப்பட்ட எழுத்துகள் குறைவு. எண் 7-இலும் 4-இலும் உடனே தெரியும்.

9. எழுத்து மாற்று விதிகள்

கு, கூ, டி போன்றவற்றுக்கு யூனிகோடில் தனிக் குறியீடு கிடையாது. ககரமும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் இந்த வடிவத்தைப் போடு என்று எழுத்துருதான் சொல்ல வேண்டும். இதை, எழுத்துகளை இணைத்து ஒரே வடிவமாக்கும் சாதாரண லிகேச்சர் அம்சமான லிகா-வில் (liga) எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. சோதனையில் நன்றாகவே வேலை செய்யும். இணையப் பக்கத்தில் யாராவது எழுத்து இடைவெளியைக் கூட்டினால் உலாவி லிகாவை அணைத்துவிடும். கு உடைந்து ககரம் தனி, குறி தனி என்று நிற்கும். தலைப்புகளில் இடைவெளியை மாற்றாதவர் யார்? பிஎஸ்டிஎஸ் (psts) போன்ற, இந்திய எழுத்துகளுக்குக் கட்டாயமாக இயங்கும் அம்சங்களில் எழுதுங்கள்.

ஸ்ரீ-க்கு இரண்டு விதி வேண்டும். ஸகரத்தில் தொடங்கி எழுதுபவர்களும் உண்டு, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குபவர்களும் உண்டு. இரண்டும் ஒரே வடிவத்துக்குப் போகட்டும்.

10. கெர்னிங், சொற்களை வைத்து

ஜோடிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். தலைப்பில் வரக்கூடிய சொற்களை அடித்துப் பாருங்கள்: மீன், தீர்ப்பு, கண்ணீர், வெற்றி, பட்டம், பூகம்பம், அண்ணன். 'மீன்', 'தீர்ப்பு' இரண்டிலும் சுழியின் முனை அடுத்த மெய்யின் புள்ளியை இடிக்கும். கெர்னிங்கால் விலக்கினால் மேலே சரியாகும், கீழே ஓட்டை விழும். நான் சுழியின் முனையை 20 யூனிட் குறைத்துவிடுவேன், பிரச்சினை வேரோடு போகும்.

அப்புறம் அந்தச் சொற்களைக் கைப்பேசியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். எந்த எழுத்து கறுத்துத் தெரிகிறதோ அதற்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலும் அது ஞகரமாகவோ ஜகரமாகவோ இருக்கும்.

11. கோப்பு அமைப்புகள்

வரைவது நன்றாக இருந்தும் கோப்பு கெட்டுப்போவது இங்கேதான். தடிமன் வகுப்பு 700, அகல வகுப்பு 3. சாய்வுக் கோணத்தைக் கோப்பில் எதிர்மறையாக, -10 என்று எழுத வேண்டும். வலப்பக்கச் சாய்வுக்கு அதுதான் முறை. கர்சரின் சரிவுக்கு ஏற்றம் 1000, ஓட்டம் 176. தடித்தது, சாய்ந்தது என்ற இரண்டு அடையாளங்களையும் இயக்கி, சாதாரணம் என்ற அடையாளத்தை அணையுங்கள்.

அடையாளம் விட்டுப்போனால் என்ன ஆகும்? மென்பொருள் இதை நிமிர்ந்த, மெலிந்த எழுத்து என்று நம்பும். பயனர் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் ஏற்கெனவே சாய்ந்ததை மறுபடி சாய்க்கும். தடிமன் பொத்தானை அழுத்தினால் வெளி ஓரத்தில் இன்னும் மை பூசும். ணகரத்தின் 78 யூனிட் உள்வெளி அதோடு காலி. இணையப் பக்கத்திலும் இதே கதைதான்: எழுத்துருவை அறிவிக்கும் இடத்தில் பாணி இட்டாலிக், தடிமன் 700 என்று சொல்லாவிட்டால் உலாவி தானாகச் சாய்த்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஃபான்ட்-சிந்தசிஸ் (font-synthesis) என்ற பண்பை நன் (none) என்று வைத்து, இருபக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விண்டோஸுக்கான மேல், கீழ் அளவுகள் உங்கள் உயரமான சுழியையும் ஆழமான வாலையும் உள்ளடக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை வெட்டுப்படும். 'ஸ்ரீ', 'ழூ' இரண்டையும் அடுத்தடுத்த வரியில் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறை ஏற்றுமதி செய்யும்போதும் பதிப்பு எண்ணைக் கூட்டுங்கள், பழையதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள். கணினி பழைய எழுத்துருவை நினைவில் வைத்துக்கொண்டு அதையே காட்டும். சரி செய்துவிட்ட புள்ளியை ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பச் சரி செய்துகொண்டிருந்தவன் எழுதுகிறேன்.